விடியற்காலை மூன்று மணிக் கூட்டம்

ஏழாம் பக்கத்தில் அதற்கு ஒரே பெயர்: கழிவு.
ஆண்டுக்கு முப்பத்தோராயிரம் டன் உமி.
பாதி மட்கிப் போகிறது, பாதி சும்மா எரிகிறது.
இனி கொதிகலனில் எரியும்;
நான்கு ஊர்களில் டீசல் எஞ்சின் வாயடைக்கும்.
என் வேலை, சூழல், சமூகம், பொருளாதாரம்
என்ற கட்டங்களில்
மைனஸ் இரண்டு முதல் பிளஸ் இரண்டு வரை
ஏதோ ஓர் எண்ணை உட்கார வைப்பது.

புனோம் பென்னில் நான்காம் மாடி.
ஏசி சொட்டும் வாளிக்குப் பக்கத்தில் என் மேசை.
பிளஸ் இரண்டு, பிளஸ் இரண்டு, பிளஸ் ஒன்று என்று
மதியச் சோற்றுக்குள் முடித்திருப்பேன்.
இணைப்பில் இருந்த புகைப்படம் கெடுத்தது.
மக்கள் கருத்துக் கேட்பு, காலை பத்து மணி,
நாற்பத்து மூன்று கைரேகை,
எல்லார் மடியிலும் ஒரே நிறத்தில் புதுக் குடை.
குடைகளுக்குப் பின்னால், தெருவோரம்,
சாக்கு போர்த்திய ஒரு தள்ளுவண்டி.
அடியில் நீர் ஒழுகிக்கொண்டிருந்தது.
ஆளைக் காணோம்.

பட்டம்பாங்குக்குப் பேருந்தில் ஆறு மணி நேரம்.
ஆலைக்காரர் மகன் விராக்
உமிக் குன்றைக் காட்டினான்.
புகை உண்மை. காற்று போகும் திசையில்
ஒரு பள்ளிக்கூடம் இருமியதும் உண்மை.
'உமி குத்திக் கை நொந்த காலம் போயிற்று'
என்றது அவர்களின் வழுவழுப்பான கையேடு.
இதை இப்போது யார் எடுக்கிறார்கள் என்றேன்.
யாருமில்லை என்றான்.
அவன் வாய் மூடுமுன் ஒருத்தி வந்து
மூன்று சாக்கு நிரப்பிக்கொண்டு போனாள்.
அவளைத் தவிர, என்றான்.

ஊக் சன்னாரி. பனிக்கட்டி விற்பவள்.
பாளத்தை உமியில் புதைத்தால்
உச்சி வெயில் வரை முக்கால்வாசி நிற்குமாம்.
இரவு இரண்டரைக்குக் கிளம்பி
மீன் சந்தை, காபிக் கடைகள், மருத்துவமனை வாசல்
எல்லாம் சுற்றி ஒன்பதுக்குப் படுப்பவள்.
வண்டியை அங்கேயே விட்டுவிட்டுத்தான்.
'பத்து மணிக்கு நான் பிணம்' என்றாள்,
'பிணத்தைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவார்களா?'

ஆற்றங்கரைச் செங்கல் சூளைகளும்
உமியில்தான் வேகின்றன.
நாளை அவர்கள் விறகுக்குப் போனால்
அந்த மரங்கள் எந்தக் கணக்கில் விழும்?
படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
அதற்குக் கட்டமே இல்லை.

'பிற குறிப்புகள்' என்று கடைசியில் இரண்டு வரி இடம்.
எழுதினேன்: மறுகூட்டம் தேவை.
விடியற்காலை மூன்று மணி, பனிக்கட்டிக் கிடங்கு வாசல்.
இயக்குநர் தியாரா மூன்றைச் சிவப்பில் வட்டமிட்டு
'பிற்பகலா?' என்று கேட்டனுப்பினார்.
இல்லை என்று பென்சிலில் எழுதித் திருப்பினேன்.

பதினொரு பேர் வந்தார்கள்.
குடை கிடையாது. நாற்காலியும் கிடையாது.
ரம்பம் பனிக்கட்டியை அறுக்கும் சத்தத்துக்கு நடுவே
பொறியாளர் கத்திக் கேட்டார்,
ஒரு நாளைக்கு எத்தனை சாக்கு?
மூன்று, என்றாள் சன்னாரி.
இரண்டு. ஐந்து. வாத்துக் கொட்டகைக்கு ஒன்று.
போன் வெளிச்சத்தில் கூட்டிப் பார்த்து
'இவ்வளவுதானா?' என்றார்.
அவ்வளவுதான் என்று நாலைந்து குரல்.
சூளைக்காரர் மட்டும் நானூறு என்றார்.
யாரும் சிரிக்கவில்லை. பொறியாளர்
போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

அக்டோபரில் ஒப்புதல் கையெழுத்தானது.
பின்வாசலில் தினம் முப்பது சாக்கு, விலையின்றி.
சூளைகளுக்கு ஒன்றுமில்லை.
ஐந்தாம் ஆண்டிலும் அந்த வாசல் திறந்திருக்குமா
என்று போய்ப் பார்க்க
ஒருவருக்கும் பயணப்படி ஒதுக்கவில்லை.
சமூகம் என்ற கட்டத்தில் பிளஸ் ஒன்று போட்டேன்.
அழித்தேன். மறுபடி அதையே போட்டேன்.

அன்று மாலை அலுவலக வாசலில் கரும்புச் சாறு.
கடைசி மடக்கில் நாக்கில் ஏதோ உறுத்தியது,
ஒற்றை உமி.
விரல் நுனியில் ஒட்டவைத்துக்கொண்டு
பேருந்து வரும் வரை
எங்கே போடுவதென்று தெரியாமல் நின்றேன்.